அம்மையப்பன் சொன்ன ‘அச்சா’

பேசுவதற்குப் போய் ஒருத்தி கல்லூரியில் படிக்க வேண்டுமா என்று நீங்களும் கேட்கிறவர்தானா? கேளுங்கள், தப்பில்லை. வசந்தகுமாரியின் அப்பாவே கேட்டார். திருச்சியில் ஒரு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்த அவர், மகள் பேங்க் பரீட்சை எழுதுவாள் என்று காத்திருந்தார். அவளோ சென்னைக்குப் போய் ‘கம்யூனிகேஷன்’ படிக்கப் போகிறேன் என்றாள். கல்யாணத் தரகர் அதைத் தந்தி ஆபீஸ் படிப்பு என்றே எல்லா வீட்டிலும் சொல்லி வந்தார். யாரும் திருத்தவில்லை. அதுதான் கௌரவமாக இருந்தது.

கல்யாணமாகி எழுபத்து நான்கில் அவள் வளைகுடாவிலுள்ள ராஸ் அல் கைமாவுக்கு வந்தாள். கணவர் சேதுமாதவன் மலையடிவாரத்துக் கல்குவாரி ஒன்றில் இன்ஜினியர். கல்லை உடைத்துத் தூளாக்கும் பெரிய மெஷின்களும், உடைத்ததைச் சுமந்து செல்லும் ரப்பர் பெல்ட்டுகளும் அவர் பொறுப்பு. வெள்ளைப் புழுதி படிந்த கம்பெனி வீடு, ஒரு மலையாளக் குடும்பம், ஒரு மதுரைக் குடும்பம், வெள்ளிக்கிழமை மீன் மார்க்கெட் என்று அவள் உலகம் சுருங்கியது. மதுரைக்காரி சுசீலா பக்கத்து வீடு.

“அந்தப் படிப்ப வச்சு இங்க என்னடி பண்ணப் போற? ஒட்டகத்துகிட்ட பேசப் போறியா?” என்பாள் சுசீலா.

“அது நீ பேசுறதவிடத் தெளிவா பதில் சொல்லும்,” என்பாள் வசந்தகுமாரி. சிரித்துக்கொள்வார்கள். ஆனால் அந்தக் கேலி அவளுக்குள் எங்கோ முள்ளாகக் கிடந்தது.

எழுபத்தாறில் ஒரு நாள், அம்மையப்பன் என்கிற ராமநாதபுரத்துத் தொழிலாளியின் வலது கை பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. இடையில் சிக்கிய கல்லை எடுப்பதற்காக ஸ்விட்சை நிறுத்திவிட்டுத்தான் கையை விட்டான். பெல்ட் நிற்பதைப் பார்த்து மறுகோடியில் இருந்தவன் மறுபடி ஓட்டிவிட்டான். இரண்டு விரல் போயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து அவன் திரும்பியதும், ஆங்கிலேய மேனேஜர் சேதுமாதவனைக் கூப்பிட்டார். “உங்கள் மனைவி கம்யூனிகேஷன்தானே படித்தவர்?” என்று கேட்டு, ஆங்கிலத்தில் டைப் அடித்த ஒரு தாளைக் கொடுத்தார். அதைத் தமிழில் பேசி கேஸட்டில் பதிந்து தரவேண்டும். தொழிலாளர் கேம்ப் சாப்பாட்டுக் கூடத்தில் போட்டுக் காட்டுவார்கள்.

வந்து இரண்டு வருடத்தில் அவள் படிப்பைப் பற்றி யாரோ மரியாதையாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. முகம் மலர்ந்து தாளை வாங்கினாள். படித்ததும் மலர்ச்சி போய்விட்டது. ஸ்விட்சை நிறுத்தி, பூட்டுப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்ட பிறகே பெல்ட்டில் கை வைக்க வேண்டும் என்ற உத்தரவு அம்மையப்பனுக்கு விபத்து நடந்த நாள் காலையிலேயே தெரிவிக்கப்பட்டது; அவன் ஏற்றுக்கொண்டான்; பிறகு மீறினான்; ஆகவே அடுத்த விமானத்தில் ஊருக்கு அனுப்பப்படுகிறான். அவ்வளவுதான் விஷயம். கம்பெனியின் தப்பு என்றால் கை ஆறும்வரை வைத்திருந்து வேறு வேலை தரவேண்டும். அவன் தப்பு என்றால் கலாஸ், கதை முடிந்தது.

“தெரிவிக்கப்பட்டதுன்னு யார் சொன்னா?” என்றாள்.

“ஆளுங்ககிட்ட நேரா சொல்லக் கூடாது, போர்மேன் வழியாத்தான் போகணும்னு கம்பெனி ரூல். நான் போர்மேன் யூசுப் பாய்கிட்ட ஹிந்தியில சொன்னேன். அவர் அவன்கிட்ட சொன்னார். அவன் அச்சான்னான்.”

“அச்சான்னா?”

“சரின்னு அர்த்தம், வசந்தா. இதுகூடவா உனக்குத் தெரியாது?”

“அர்த்தம் தெரியும். எதுக்குச் சரின்னான்னு அவனுக்குத் தெரியுமான்னு கேக்கறேன்.”

சேதுமாதவன் மோர் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

அவள் கல்லூரியில் முதல் வருடத்திலேயே படித்த பாடம் இது. சொன்னவன் வாயை விட்டுக் கிளம்பிய செய்தி, கேட்டவன் மண்டையில் அதே செய்தியாகத்தான் இறங்கியது என்பதற்குத் தலையாட்டல் சாட்சி ஆகாது. கேட்டவன் தன் சொல்லில் திருப்பிச் சொல்ல வேண்டும், அல்லது செய்து காட்ட வேண்டும். இது என்ன பெரிய தத்துவம் என்பீர்கள். இந்தச் சின்ன விஷயம் தெரியாத ஒரு மேனேஜர், ஒருவனை இரண்டு விரல் இல்லாமல் ஊருக்கு அனுப்பப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை காலை கணவரை நச்சரித்து, பிக்கப் வண்டியில் கேம்புக்குப் போனாள். தகரக் கூரை ரூம். இரண்டடுக்குக் கட்டில்கள். இன்ஜினியர் வீட்டு அம்மா உள்ளே நுழைந்ததும் பேச்சு அறுந்தது. அம்மையப்பன் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தான். ஊர்க்காரன் ராமையா முன்னால் வந்து நின்றான்.

“என்னங்கம்மா, கம்பெனி அனுப்புச்சா?”

“இல்ல. நானா வந்தேன்.”

“பையில என்னங்கம்மா?” அவன் கண் அவள் தோள்பையிலேயே இருந்தது. “இங்க நாங்க பேசுறத டேப்புல புடிச்சு, அங்க ஆபீஸ்ல போட்டுக் காட்டுறதா கேள்விப்பட்டோம்.”

அவள் பையைக் கட்டிலில் கவிழ்த்தாள். கைக்குட்டை, சீப்பு, வீட்டுச் சாவி, பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம். யாரோ சிரித்தார்கள்.

“அன்னைக்கு யூசுப் பாய் உங்ககிட்ட என்ன சொன்னார்?” என்று அம்மையப்பனிடம் கேட்டாள்.

“என்னமோ சொன்னாரும்மா. ஸ்விட்ச்சுன்னாரு, ஸாஃப்னாரு. நிப்பாட்டிட்டுச் சுத்தம் பண்ணணும்னு எடுத்துக்கிட்டேன். அச்சான்னேன்.”

“பூட்டு, சாவி பத்தி?”

“அப்படி எதுவும் காதுல விழலையேம்மா.”

“புரியலைன்னா திரும்பக் கேக்கக் கூடாதா?”

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பரிகாசம் இருந்தது. ராமையாதான் பதில் சொன்னான்: “கேக்கலாம்மா. ஒரு தடவ கேட்டா, மண்டையில ஒண்ணும் இல்லையாம்பாரு பாய். மறுதடவ கேட்டவன் இப்ப பரமக்குடியில ஆடு மேய்க்கிறான். அதனால இங்க எல்லாத்துக்கும் அச்சாதான். சோறு நல்லாருக்கா? அச்சா. சம்பளம் லேட்டா? அச்சா.”

“விடுறா,” என்றான் அம்மையப்பன். “என் தலையெழுத்து. யாரச் சொல்லி என்ன?”

வசந்தகுமாரிக்குச் சுருக்கென்றது. “தலையெழுத்தா வந்து பெல்ட்டை ஓட்டுச்சு? ஒரு ஆள் ஓட்டினான். ஓட்டாம இருக்க ஒரு பூட்டு இருந்துச்சு. பூட்டப் பத்தி உங்ககிட்ட யாரும் சொல்லல. இதுல தலைக்கு என்ன வேல, எழுத்துக்கு என்ன வேல?”

நம்பினார்களா என்றால் இல்லை. கணக்காகப் பேசுகிற பெரிய இடத்து ஆளை எதற்கு நம்ப வேண்டும்? தலையெழுத்து என்று ஒன்றை ஏழையின் நெற்றியில் ஒட்டிவைத்தவர்கள் யாரோ, அவர்களுக்கு அதனால் எவ்வளவு சௌகரியம் என்று யோசித்துக்கொண்டே அவள் வண்டியில் ஏறினாள்.

திரும்பும் வழியில் கணவரைப் பார்த்தாள். “மேனேஜர் உங்ககிட்ட சொன்னப்ப பூட்டு இருந்துது. அம்மையப்பன்கிட்ட வந்தப்ப இல்ல. நடுவுல ரெண்டே பேர்தான்.”

“யூசுப் விட்டிருப்பார்.”

“இருக்கலாம்.”

“நீ என்னைச் சந்தேகப்படறியா?”

“எல்லாரையும்தான்.”

அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். “நம்ம விசாவும் அந்த மேனேஜர் மேஜையிலதான் இருக்கு, வசந்தா. ஞாபகம் வச்சுக்கோ.”

மறுநாள் அவள் மேனேஜரிடம் நேராகவே சொன்னாள். கேஸட்டில் பேசத் தயார். ஆனால் உத்தரவு போய்ச் சேர்ந்ததா என்று அதே வழியில், அதே ஆட்களை வைத்து ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். எதைச் சொல்லி அனுப்புவது என்பதை அவரே முடிவு செய்யட்டும். மேனேஜருக்கு அது வேடிக்கையாக இருந்தது போலும். முற்றத்தில் கிடந்த எண்ணெய் டிரம்களைக் காட்டினார். காலி டிரம்களை ஸ்டோருக்குப் பின்னால் கொண்டுபோய் வைக்க வேண்டும். மூடி இல்லாதவற்றை மட்டும் தொடக்கூடாது.

சேதுமாதவன் யூசுப் பாயைத் தனியே அழைத்துச் சொன்னார். யூசுப் பாய் ராமையாவையும் வேறு இரண்டு பேரையும் நிறுத்தி, கையை வீசிச் சத்தமாகச் சொன்னார். “சமஜ் கயா?” புரிந்ததா என்று அதட்டினார்.

“அச்சா பாய்!” மூன்று பேரும் ஒரே குரலில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி.

மேனேஜர் வசந்தகுமாரியைப் பார்த்துப் புன்னகைத்தார். “திருப்தியா?”

“வேலை நடக்கட்டும், ஐயா.”

முதல் ஆள் டிரம்மை உருட்டிக்கொண்டு ஸ்டோர்ப் பக்கம் போனான். இரண்டாமவன் ஆபீஸுக்குப் பின்னால் போனான். ராமையா கொஞ்ச நேரம் இருவரையும் பார்த்து, எது சரியாக இருக்கும் என்று யோசித்து, பக்கத்தில் இருந்ததைச் சாய்த்தான். அதற்கு மூடி இல்லை. அடியில் கிடந்த பழைய எண்ணெய் வழிந்து, மேனேஜரின் பளபளக்கும் ஷூவைச் சுற்றிக் கறுப்பாகத் தேங்கியது.

“ஸப் நே அச்சா போலா!” என்று யூசுப் பாய் கத்தினார். எல்லாரும் அச்சா சொன்னார்களே!

“பாய், மூடி இல்லாத டிரம்மைத் தொடாதேன்னு சொன்னீங்களா?” என்று வசந்தகுமாரி தனக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டாள்.

யூசுப் பாய் விழித்தார். “மூடியா? அந்தப் பேச்சை என்னிடம் யார் சொன்னது?”

எல்லார் பார்வையும் சேதுமாதவன் மேல் விழுந்தது. வெயிலில் அவர் நெற்றி பளபளத்தது. ஒரு சொல் போதும். யூசுப் மறந்துவிட்டார் என்று சொல்லிவிட்டால் இன்ஜினியரை மீறி யார் பேசப்போகிறார்கள்? அவர் அதைத்தான் சொல்வார் என்று வசந்தகுமாரி நினைத்தாள். பத்தினி தர்மம் பேசுகிறவர்கள் மன்னிக்கட்டும். அந்தக் கணத்தில் அவள் கணவரை நம்பவில்லை.

“மூடிக்கு ஹிந்தியில என்னன்னு எனக்கு வரலை,” என்றார் அவர் ஆங்கிலத்தில், மேனேஜரைப் பார்க்காமல். “அவருக்கே தெரிஞ்சிருக்கும்னு விட்டுட்டேன். அன்னைக்குப் பூட்டுக்கும் எனக்கு வார்த்தை வரலை.”

மேனேஜர் நன்றியும் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. இதெல்லாம் நாடகம் என்று முணுமுணுத்துவிட்டு ஷூவைத் துடைக்கப் போனார். ஆனால் அந்த அறிக்கை கேஸட்டில் ஏறவில்லை. அம்மையப்பன் கை ஆறும்வரை கேம்பில் இருந்தான். பிறகு ஸ்டோரில் சாமான் எடுத்துக்கொடுக்கும் வேலை கிடைத்தது. சேதுமாதவனுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. சில நாள் வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் பேசின.

“புருஷனையே மாட்டிவிடத்தான் அந்தப் படிப்பா?” என்றாள் சுசீலா.

“ஆமா. இல்லேன்னா அம்மையப்பன்தானே மாட்டியிருப்பான்,” என்றாள் வசந்தகுமாரி.

பெல்ட்டைத் தொடும் முன் ஒவ்வொருவனும் தன் பாஷையில் திருப்பிச் சொல்லி, பூட்டிக் காட்ட வேண்டும் என்று புது விதி வந்தது. அவள் அதையும் நம்பவில்லை. ஒரு மாதம் கழித்துப் போய்க் கேட்டபோது, ஆட்கள் அதைச் சுலோகம் மாதிரி மூச்சுவிடாமல் ஒப்பித்தார்கள். கை மட்டும் பூட்டுப் பக்கமே போகவில்லை. மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்கினாள், இந்த முறை ஹிந்தி அகராதியும் கையுமாகக் கணவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. கம்பெனி அவளுக்கு வேலையும் தரவில்லை, பட்டமும் தரவில்லை. கல்லூரி தந்ததை வைத்தே செய்தாள். உலகத்தில் எத்தனை பெல்ட்டுகள் ஓடுகின்றன, எத்தனை பாஷைகள் வழியாக உத்தரவுகள் இறங்குகின்றன என்று நினைத்தால், இந்தப் படிப்பு படித்தவர்கள் இன்னும் ஆயிரம் பேர் வந்தாலும் போதாது.

நீங்கள் நாலு பேரை வேலை வாங்குகிறவராக இருந்தால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஆட்களில் எப்போதும் முதலில் ‘சரிங்க’ என்று சொல்கிறவர் யார் என்று பாருங்கள். நாளைக் காலை அவரை உட்காரவைத்து, அவர் செய்யப்போகும் வேலையை அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். தப்பாகச் சொன்னால் கத்தாதீர்கள். எங்கே விட்டுப்போனது என்று முதலில் உங்களிடமே தேடுங்கள்.