முப்பத்தாறு படச் சுருளில் அறுபத்தொன்று

ஸ்டூடியோக் கதவைத் தள்ளியதும் மூக்கில் ஏறும் அந்த மருந்து வாசம்... கொழும்பு வெள்ளவத்தையில் படம் கழுவக் கொடுத்த எவருக்கும் ஞாபகம் இருக்கும். எனக்குக் கொஞ்சம் கூடவே.

அண்மையில் மகள் ஒரு பிலிம் கமரா வாங்கி வந்தாள். புத்தம் புதிது. போனில் ஆயிரம் படம் எடுக்கிற பிள்ளைக்கு இது எதற்கு?

"இது ஹாஃப் ஃபிரேம் அப்பா. முப்பத்தாறு ரோலில எழுபத்திரண்டு எடுக்கலாம். ஒரு படம் எடுக்கிற இடத்தில ரெண்டு."

யாருக்குச் சொல்கிறாள் பாருங்கள்.

சண்டைக் காலம். எனக்கு இருபது வயது. புதுக்கடையில் ஒரு லோயரிடம் கிளார்க் வேலை. அக்காவும் நானும் கிருலப்பனையில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தோம்.

அக்காவுக்குக் கனடா மாப்பிள்ளை. பத்து நாள் லீவில் வந்து, கலியாண எழுத்தை முடித்து, திரும்பப் பிளேன் ஏறிவிட்டார். அக்கா அங்கே போக வேண்டுமென்றால் ஸ்பொன்சர் பேப்பரோடு எழுத்துப் படங்களும் போக வேண்டும். இல்லாவிட்டால் பொய்க் கலியாணம் என்று தள்ளிவிடுவார்கள் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள்.

படமெடுத்தவன் நான்தான். வீட்டுக்கார அங்கிளின் பழைய ஹாஃப் ஃபிரேம் கமராவில். ரோலைக் கழற்றத் தெரியாமல் கமராவோடே ஸ்டூடியோவுக்குப் புறப்பட்டேன். அந்த நாளில், கையில் கமராவோடு, மூலைக்கு மூலை செக்பொயின்ட் இருந்த காலி வீதியில்... மடையன் வேலை.

செக்பொயின்ட்டில் மறித்தார்கள். சார்ஜன்ட்டுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும்.

"எத்தனை படம் ரோல்?"

"முப்பத்தாறு சேர்."

கமராவைத் திருப்பி நம்பரைப் பார்த்தார். அறுபத்தொன்று.

"முப்பத்தாறு ரோலில் அறுபத்தொண்டு எப்பிடி?"

உண்மையைச் சொல்லி மாட்டுப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அரைப் படம், அரைப் படம் என்று உடைந்த சிங்களத்தில் சொல்லச் சொல்ல அவருக்குச் சந்தேகம் கூடியது.

"திறந்து காட்டு."

திறந்தால் வெளிச்சம் பட்டு எல்லாம் போய்விடும். அக்காவின் கனடாவும் சேர்ந்து போய்விடும். என்னைப் பிடித்து வைத்தாலும் பரவாயில்லை என்று கமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"சேர், கழுவிப் பாருங்கோ. நான் இங்கயே இருக்கிறன். திறக்க மட்டும் வேண்டாம்."

என்ன நினைத்தாரோ, தானே என்னை ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போனார். ஒரு மணித்தியாலம். அவர் ஸ்டூலில், நான் நின்றபடி, அந்த மருந்து வாசத்துக்குள். சட்டை முழுக்க வியர்வை.

படங்கள் வந்தன. மெஷினுக்கும் ஹாஃப் ஃபிரேம் விளங்கவில்லை போல, ஒவ்வொரு அட்டையிலும் இரண்டிரண்டு படம். ஒரு பாதியில் அக்கா, மறு பாதியில் மாப்பிள்ளை. ஒரு பாதியில் கேக், மறு பாதியில் மரக்கறி ரோல்ஸைக் கடித்தபடி வீட்டுக்கார அங்கிள்.

சார்ஜன்ட்டுக்கு அப்போதுதான் கணக்குப் பிடிபட்டது. ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஓரிடத்தில் நிறுத்தி, "மல்லி, அக்கா லஸ்ஸனய்" என்றார். தம்பி, அக்கா வடிவாக இருக்கிறாளாம். கமராவைத் தந்துவிட்டுப் போய்விட்டார்.

நான் ஸ்டூடியோப் படியில் உட்கார்ந்து அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

இப்போது கனடாவில் அக்காவுக்குப் பேரப்பிள்ளையும் இருக்கிறது.

பிறகு யோசித்தபோதுதான் உறைத்தது. அந்த அறுபத்தொரு படத்திலும் ஒரு வீதி இல்லை, ஒரு பாலம் இல்லை. எல்லாம் நாலு சுவருக்குள், வீட்டு ஆட்கள் மட்டும். வேவு பார்த்தவன் என்று சொல்ல ஒன்றுமில்லை. அதனால்தான் தப்பினேன்.

நேற்று மகளின் முதல் ரோல் வந்தது. மரைன் டிரைவ், தண்டவாளம், ரயில், கோட்டை ஸ்டேஷன், சிரித்துக்கொண்டு நிற்கும் ஒரு பொலிஸ்காரர்... எழுபத்திரண்டும் வெளியேதான். ஒருவரும் அவளை மறிக்கவில்லை. எனக்குத்தான் ஒவ்வொரு படத்துக்கும் நெஞ்சு ஒருமுறை திக்கென்று அடித்து, பிறகு ஆறியது.

"ஏன் பிள்ளை, வீட்டு ஆக்கள் ஒருத்தரும் இல்லையே?"

"நீங்கள் இங்கதானே அப்பா இருக்கிறியள். பிறகு எடுக்கலாம்."

பிறகு எடுக்கலாமாம்... சண்டைக் காலத்தில், அவளின் வயதில், நாங்கள் ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை.