சோங்குக்குள் அண்ணா வைத்த ஈயம்

எங்கள் அண்ணா பிரிந்து ஓராண்டு ஆகிவிட்டது. ஆட்டைத் திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கை எழுதுகிறேன். அழுது எழுதப் போவதில்லை. அழுமூஞ்சிகளை அண்ணாவுக்குப் பிடிக்காது.

களுதாவளையில் பிறந்தவர். அப்பாவுக்கு வட்டையில் கொஞ்சம் வயலும் வாவியில் ஒரு தோணியும் இருந்தன. அண்ணா கஷ்டப்பட்டுப் படித்து நீர்ப்பாசனப் பகுதியில் ஓவசியர் ஆனார். கோபம் வராத மனிதர், தன் பங்குக் கோபத்தையும் சேர்த்து எனக்கே விட்டுவிட்டார். அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் துவக்கு. பட்டினத்துத் துவக்குச் சங்கத்தில் சேர்ந்து குறி பார்த்துச் சுடப் பழகி, நாலு பேர் கொண்ட மாவட்ட அணியில் இடம் பிடித்தார்.

அறுபதுகளின் நடுவில் ஒரு விடுமுறை நாள், அப்பாவுடன் வலை இழுக்கப் போனார். திருக்கை முள் இடது உள்ளங்கையில் ஏறிவிட்டது. இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கை பிழைத்தது, ஆனால் இரண்டு விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. துவக்கின் குழலைத் தாங்கும் கை அதுதான். நின்று குறி பார்த்தால் சற்று நேரத்தில் குழல் முனை கீழே இறங்கிவிடும்.

சங்கச் செயலாளர் நல்லவர், ஆனால் கண்டிப்பானவர். "தம்பி, தெரிவுப் போட்டியில ஒருக்காச் சுட்டுப் பாருங்க. ஏலாட்டி உங்கட பேரை எடுத்திருவன்" என்றார். துவக்கும் சங்கத்துச் சொத்து. வீட்டில் பழகக் கொடுத்துவிட்டார், ஆனால் அதில் ஒரு கீறல் விழுந்தாலும் அண்ணா இனி அங்கே கால் வைக்க முடியாது.

அண்ணா யோசித்தார். முன்பக்கம் பாரமென்றால் பின்பக்கத்திலும் பாரம் வைத்தால் சரி. தோளில் அணைக்கும் மரப்பகுதியைச் சோங்கு என்போம். அதன் அடியில் எண்ணெய்ப் போத்தல் வைக்க ஒரு பொந்தும் அதற்குப் பித்தளை மூடியும் இருந்தன. மரத்தை வெட்டாமல் அதற்குள் பாரத்தை வைத்து, வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும்.

முதலில் வீச்சுவலை ஈயக் குண்டுகளைக் கயிற்றில் கோத்து உள்ளே திணித்தார். வலைக்காரன் மகனுக்கு வேறென்ன தோன்றும்! வலையில் ஆட வேண்டிய குண்டு சோங்குக்குள்ளும் ஆடியது. துவக்கைத் தூக்கினாலே கிலுக்கட்டிச் சத்தம். நான் சிரித்தேன். பிறகு குண்டுகளை உருக்கி, மூங்கில் குழாயில் வார்த்து, துணி சுற்றி இறுக்கி ஏற்றினார். அது ஆடவில்லை, வெளியே வரவும் இல்லை.

"புள்ள, துவக்க இறுக்கிப் பிடி. நான் இழுக்கிறன்."

"இது வராது அண்ணா. சங்கத்துக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"வரும் கா, நீ பிடி!"

குறட்டால் துணியைக் கவ்வி இழுத்ததில் ஈயமும் அண்ணாவும் சேர்ந்து மண்ணில் விழுந்தார்கள். அண்ணி பயந்து ஓடி வந்தார். அவர்தான் வழியும் சொன்னார்: "வார்க்கக்குள்ளேயே ஒரு கம்பி வளையத்த வெச்சா என்ன? மறுகா விரலாலேயே இழுக்கலாமே." அப்படியே செய்தார். என் சேலைக் கரையைக் கிழித்து மெழுகு பூசி மெல்லச் சுற்றினார். மூடிக்கும் ஈயத்துக்கும் இடையில் ஒரு போத்தல் தக்கையை வைத்தார். மூடியை அடைத்தால் தக்கை ஈயத்தை அழுத்திப் பிடிக்கும், திறந்தால் ஈயம் கையோடு வரும். கிழிந்தது நல்ல சேலை, இன்றும் எனக்கு அந்த வயிற்றெரிச்சல் உண்டு.

தெரிவுப் போட்டியில் குழல் அசையவில்லை. சுட்ட ஐந்தும் குறி அட்டையின் நடுவில் விழுந்தன. உடனே, கூடச் சுட வந்த ஓர் அன்பர் குரல் எழுப்பினார். பெயர் வேண்டாம், அவரும் இந்த மலரை வாசிப்பார். "சேர், சோங்குக்குள்ள என்னவோ வெச்சிரிக்கார். இது களவு."

செயலாளர் அண்ணாவைப் பார்த்தார். அண்ணா மூடியைத் திறந்து, வளையத்தில் விரலை மாட்டி, ஈயத்தை உருவி மேசையில் வைத்தார். செயலாளர் பொந்தை விரலால் தடவினார். ஒரு கீறலும் இல்லை. அன்பர் பக்கம் திரும்பினார்.

"அப்ப இத வெச்சு நீங்களும் சுடுங்க."

நல்ல கையுள்ள அன்பர் ஐந்து முறை சுட்டார். மூன்று, அட்டைக்கு மேலால் போயின. "பின்பாரம் கூடிப்போச்சு சேர், குழல் மேல கிளம்புது" என்றார்.

"அப்ப இது களவு இல்ல" என்றார் செயலாளர். "இது இவர்ர கை."

அங்கேயே பட்டியலில் அண்ணாவின் பெயரை முதலாவதாக எழுதினார். நான் ஊர் கேட்கக் கத்தினேன், வெட்கப்படவில்லை.

கடைசி நாட்களில் அண்ணாவைக் கவனித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், எங்களுக்கு உலை வைக்கும் வேலையே வராமல் துக்கத்தின் எட்டு நாளும் சோறு கொண்டுவந்த அயலவருக்கும், கிரியைகளை முன்னின்று நடத்திய குருக்களுக்கும், தோள் கொடுத்த எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் சிலர், "கை வழங்காத மனுசன், பாவம்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அந்தக் கை அதன் பிறகு நாலு வருடம் மாவட்டத்துக்காகத் துவக்கைத் தாங்கியது. பாவம் பார்ப்பதென்றால், எதிரே நின்று சுட்டவர்களைப் பாருங்கள்.