கோங்கேவ் விட்ட வாணம்

"இந்தக் குழாய் எதுக்கு மாமா? குளிக்கிற இடத்துக்கா?"

"இல்ல."

"பின்ன?"

"வாணம் விட."

தருணி அடுப்பிலிருந்து ஒட்டரிசிக் கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். ஆவி படாமல் முகத்தைத் திருப்பியவள், அப்படியே மாமனாரைப் பார்த்தாள். கோங்கேவ் வாசற்படியில் உட்கார்ந்து, தண்ணீர்க் குழாயின் துண்டு ஒன்றை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"யார் விடப்போறது?"

"நான்தான்."

"நீங்களா? திருவிழா அன்னிக்கு முதல் வாணம் கிளம்பினாலே காதைப் பொத்திக்கிட்டு வயலுக்குப் போயிடுவீங்களே."

"இந்த வருஷம் பொத்திக்கிட்டே விடுறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் சிரிப்பு வந்து வெகுநாள் ஆகியிருந்ததால் அது பாதியிலேயே நின்றுவிட்டது.

"நிறைய செலவாகுமே மாமா."

"பெரிய வாணத்துக்குத்தாம்மா செலவு. நான் முதமுதலா விடுறவன், எனக்கு முழங்கை நீளம் போதும். குழாய் வேலையில மிஞ்சினது. வாலுக்கு மூங்கில் நம்ம வேலியிலயே நிக்குது. மருந்து மட்டும் தோங்பானோட வாணக் கூட்டத்தோட சேர்ந்து இடிச்சு வாங்கிக்கணும்."

"அவங்க கேலி பண்ணுவாங்க."

"பண்ணட்டும்மா" என்றார் கோங்கேவ். "அதுக்குத்தான்."

அந்தக் கடைசிச் சொல் அப்போது அவளுக்கு விளங்கவில்லை.

கோங்கேவ் ஊருக்குக் குழாய் போடுகிறவர். தாய்லாந்தின் யசோதோன் பக்கத்து அந்த ஊரில் எந்த வீட்டுக் குழாயைத் திறந்தாலும் அவர் கைபட்ட வழியாகத்தான் தண்ணீர் வரும். வாணத் திருவிழாவிலும் அவர் பங்கு தண்ணீர்தான். மழைக்காலத்துக்கு முன், காய்ந்த வயலில் மூங்கில் ஏணி சாத்தி ஊர் ஊராக வாணம் விடும்போது, அதன் பக்கத்தில் ஒரு சேற்றுக்குழி வேண்டும். யாருடைய வாணம் வெடிக்கிறதோ, கிளம்பாமல் புகைகிறதோ, பாதியில் விழுகிறதோ, அவர்களை மற்றவர்கள் காலையும் கையையும் பிடித்துத் தூக்கி அந்தச் சேற்றில் எறிவார்கள். குழிக்குத் தண்ணீர் பாய்ச்சுவது கோங்கேவ். பாய்ச்சி முடித்ததும் சத்தத்துக்குப் பயந்து போய்விடுவார். "சேறு மட்டும் பண்ணத் தெரியுது, விழத் தெரியலியே!" என்று முதுகுக்குப் பின்னால் கத்துவார்கள். அவர் திரும்பாமலே கையை ஆட்டுவார்.

மகன் சக்தா அவருக்கு நேரெதிர். தோங்பானின் வாணக் கூட்டத்தில் அவன்தான் முன்னால் நிற்பவன். கடைசியாக அவன் விட்ட வாணம் ஏணியிலேயே வெடித்தது. காது நிறையச் சேறும் பல்லெல்லாம் சிரிப்புமாக வீட்டுக்கு வந்து, அதே கோலத்தில் தருணியைக் கட்டிப்பிடித்தான். அவள் சட்டையில் பட்ட கறை இன்னும் போகவில்லை. அதன் பிறகு கரும்பு வெட்டப் போன இடத்தில், ஆட்களை ஏற்றி வந்த வண்டி கவிழ்ந்து இறந்துபோனான்.

அன்றிலிருந்து ஊர் கோங்கேவிடம் மெதுவாகப் பேசத் தொடங்கியது. சாராயம் குடிக்கிற வட்டத்தில் அவர் வந்து உட்கார்ந்தால் கதை நின்றுவிடும். கோழி சுடும் கடைக்காரி பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக் கொடுப்பாள். யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, கிண்டல் செய்யவில்லை, குழாய் ஒழுகினால்கூடக் குறை சொல்லவில்லை. வாணப் பேச்சு எடுத்த பிறகு ஒருநாள் சாப்பிடும்போது அவர் தருணியிடம் சொன்னார்: "என்னைப் பார்த்தா எல்லாரும் சாவு வீட்டுக்குள்ள வர்ற மாதிரி செருப்பைக் கழட்டுறாங்கம்மா. இன்னும் எத்தனை நாளைக்கு?"

அப்போதுதான் அவளுக்கு அந்த "அதுக்குத்தான்" புரிந்தது.

புத்த விகாரை வளாகத்தில் ஒரு கொட்டகைக்குள் வாணக் கூட்டம் வேலை செய்யும். பெண்கள் வாணத்தைத் தொடக் கூடாது, தாண்டக் கூடாது. சோறு கொண்டுபோகும் தருணி வெளியே நின்றுதான் பார்ப்பாள். உள்ளே ஒருவரை ஒருவர் கிழித்துக்கொண்டிருப்பார்கள்.

"இது வாலாடா? உன் மாமியா முதுகு மாதிரி வளைஞ்சிருக்கு!"

"உன் மருந்து இடிக்கிற லட்சணத்துக்கு, வாணம் நடந்துதான் போகும்!"

திட்டு வாங்கியவன் வாலைப் பிரித்து மீண்டும் கட்டுவான். கொட்டகையில் பாடம் சொல்கிற முறை அதுதான். வேறு முறை அவர்களுக்குத் தெரியாது.

கோங்கேவ் தன் சின்ன வாணத்தை எடுத்து வைத்தார். வேலியில் வெட்டிய பச்சை மூங்கிலையே வாலாகக் கட்டியிருந்தார். அது காயக் காய ஒரு பக்கமாக வளையத் தொடங்கியிருந்தது. குழாயின் மேல் நீலச் சாயத்தில் சக்தாவின் பெயர்.

"எப்படி இருக்கு தோங்பான்? உள்ளதைச் சொல்லு."

தோங்பான் வாலைப் பார்த்தான். பெயரைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "நல்லாருக்குண்ணே" என்றான்.

"வால் சரியா?"

"அருமையா இருக்குண்ணே."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஏதாவது திட்டு வரும் என்று கோங்கேவ் காத்திருந்தது வெளியே நின்ற தருணிக்குத் தெரிந்தது. ஒன்றும் வரவில்லை. வாணத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார்.

திருவிழா அன்று காலையில் அவரே குழிக்குத் தண்ணீர் பாய்ச்சினார். மண்ணை மிதித்துப் பார்த்து, கல்லையெல்லாம் பொறுக்கி வெளியே போட்டார். பெண்கள் ஏணியைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு அப்பால், குழியின் ஓரமாகத்தான் கூடுவார்கள். தருணியும் அங்கே நின்றாள். ஒலிபெருக்கிக்காரன் தொண்டை கட்டக் கட்டப் பேசிக்கொண்டிருந்தான். பக்கத்து ஊர்க்காரனின் வாணம் புகைந்து அணைந்தபோது, "ஏய், அடுப்பு மூட்டவா வந்தே? அரிசி எங்கய்யா?" என்று கேட்டு எல்லாரையும் சிரித்து உருள வைத்தான். அந்த ஆள் சேற்றில் விழுந்து எழுந்து, தன்னைத் தூக்கி எறிந்த தோங்பானையும் உள்ளே இழுத்துப் போட்டான்.

கோங்கேவின் முறை வந்தது. ஒலிபெருக்கி, "அடுத்தது... சக்தாவோட அப்பா" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டது.

வாணம் கிளம்பியது. அவர் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. ஏணியை விட்டு மேலே போன வேகத்தில் நீல எழுத்து ஒரு கணம் தெரிந்தது. பிறகு வளைந்த வால் அதைச் சுழற்றியது. பனைமர உயரம்கூடப் போகாமல், வயலின் மறுகோடியில் மூக்குக் குத்திப் புகைந்தது.

யாரும் சிரிக்கவில்லை. மேளம்கூட நின்றுவிட்டது.

கோங்கேவ் ஏணியிலிருந்து நேராகக் குழிக்கு நடந்து வந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கைபேசியையும் சிகரெட் பெட்டியையும் தருணியிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். குழிக்கு முதுகைக் காட்டி, தூக்குவதற்கு வாகாகக் கைகளை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு நின்றார்.

சேறு சொட்டச் சொட்டத் தோங்பான் ஓடிவந்தான். அவன் கையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது.

"வெயில்ல நிக்காதீங்கண்ணே. உட்காருங்க. தண்ணி கொண்டாரச் சொல்றேன்."

"என் வாணம் விழுந்துடுச்சு தோங்பான்."

"பரவால்லண்ணே. நல்லாத்தான் போச்சு. சக்தா பார்த்திருப்பான்."

தோங்பானின் கண் கலங்கியிருந்தது. நாற்காலியை வைத்துவிட்டு விலகிப் போனான். மற்றவர்களும் கயிற்றுக்கு அந்தப் பக்கம், தலையைக் குனிந்தபடி, மரியாதையாக நின்றார்கள். ஒலிபெருக்கி அடுத்த ஊரின் பெயரைத் தாழ்ந்த குரலில் கூப்பிட்டது.

கோங்கேவ் உட்காரவில்லை. விலக்கி வைத்திருந்த கைகள் மெல்லக் கீழே இறங்கின. காலையில் தான் குழைத்த சேற்றை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு தருணியின் பக்கம் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"நீயாவது என்னைத் தள்ளிவிடும்மா."