எந்தப் பயத்துக்கு ஓட்டு

அந்தச் சட்டமன்றத் தேர்தலில் எங்கள் தொகுதியில் ஜெயிக்கக்கூடியவர்கள் என்று இரண்டு பேரைத்தான் சொன்னார்கள். ஒருவர் மனை வாங்கி விற்பவர். செம்பாக்கத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் மழைத் தண்ணீர் வடியும் பள்ளத்தில் லாரி லாரியாகக் கட்டட இடிபாட்டு மண்ணைக் கொட்டியவர்கள் அவருடைய ஆட்கள். அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் வர ஆரம்பித்தது.

அவர் ஓட்டுக் கேட்டு நலச்சங்கக் கூட்டத்துக்கு வந்தபோது நான் எழுந்து கேட்டுவிட்டேன்.

"சார், அந்தப் பள்ளத்துல கொட்டின மண்ணை எப்ப எடுப்பீங்க?"

அவர் சிரித்தார். "பாத்துக்கலாம் டீச்சர்."

நான் டீச்சர் என்று அங்கே யாரும் அவரிடம் சொல்லவில்லை. உட்கார்ந்த பிறகுதான் அது உறைத்தது.

இரண்டு நாள் கழித்துப் பள்ளியிலிருந்து வரும்போது எங்கள் கேட்டுக்கு முன்னால் ஒருவன் பைக்கில் சாய்ந்து நின்றிருந்தான். கூட்டத்தில் அவர் பின்னால் நின்றிருந்தவன்தான்.

"பாப்பா தாம்பரத்துலேர்ந்து ட்ரெயின்ல தான காலேஜுக்குப் போவுது? செம கூட்டமா கீது டீச்சர். பாத்துப் போவச் சொல்லுங்க."

அக்கறையாகத்தான் சொன்னான். எனக்குக் கேட்டின் தாழ்ப்பாளைத் திறக்க வரவில்லை. திறந்து உள்ளே போய்ச் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"போலீசுக்குப் போலாமா?" என்று கணவரிடம் கேட்டேன்.

"போய் என்னன்னு சொல்லுவே? பாத்துப் போகச் சொன்னான்னா?"

மகளிடம் சொல்லவில்லை. ஆனால் அவள் ரயில் ஏறியதும் இறங்கியதும் எனக்குத் தெரியவேண்டியிருந்தது. வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டே மேசையில் இருந்த போனைப் பார்ப்பேன். அவள் பதில் போடத் தாமதித்த ஒரு காலையில் கரும்பலகையில் என்ன எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள்.

என் ஓட்டு இன்னொருவருக்குத்தான் என்று முடிவு செய்தேன். அந்தப் பள்ளத்தைத் தோண்டித் தருவதாக அவர் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் தெருமுனையில் அவர் பேச வந்தபோது நானும் போய் நின்றேன். மண்ணைப் பற்றிப் பேசினார். கைதட்டினேன். அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

"நம்ம தெருவுல யாருக்கு வீடு விக்கறோம், யாரை வாடகைக்கு வைக்கறோம்னு கொஞ்சம் யோசிங்க. நான் ஜெயிச்சதும் அதையும் சரி பண்ணித் தரேன்."

கூட்டத்தில் சிலர் எங்கள் பக்கத்து வீட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். தெருவிலேயே அது ஒன்றுதான் முஸ்லிம் வீடு. அந்த வீட்டுக்காரர் கிழக்குத் தாம்பரத்தில் ஏசி ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். அவர் மனைவி என்னை அக்கா என்று கூப்பிடுவாள். அன்றைக்கே நாலைந்து பைக்குகள் அந்த வீட்டு வாசலில் நின்று ஹாரன் அடித்துவிட்டுப் போயின. மறுநாள் பகலிலும் அவர்கள் ஜன்னல்கள் மூடியே இருந்தன.

காம்பவுண்டுச் சுவர் ஓரமாக அவளைக் கூப்பிட்டேன். "அந்த ஆளுக்கு நான் போடமாட்டேன்மா. மண்ணு கொட்டினவனுக்கே போட்டுடறேன்."

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். துணியை உதறிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"எங்களுக்காகப் போடாதீங்க அக்கா. அப்புறம் உங்க வூட்டுக்குள்ள தண்ணி வர்றப்பல்லாம் எங்களைத்தான் நெனைப்பீங்க."

நான் உள்ளே வந்துவிட்டேன்.

ஓட்டுப் போடும் நாளில் வரிசையில் நின்றபோதும் மண் கொட்டியவருக்கே என்றுதான் முடிவாக இருந்தேன். உள்ளே போனேன். அதிகாரி என் வரிசை எண்ணையும் பெயரையும் சத்தமாகப் படித்தார். கட்சி ஏஜெண்டுகள் உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்து ஒருவன் நிமிர்ந்தான். பைக்கில் வந்தவன்.

"வாங்க டீச்சர்," என்றான். "பாப்பா வரல?"

அவனைப் பார்த்தபடியே மை வைக்க விரலை நீட்டினேன். மை வைத்த அம்மா என் விரலைப் பிடித்து நிறுத்தி, "ஒண்ணுமில்லம்மா" என்றார். அட்டை மறைப்புக்குப் பின்னால் போனேன். நான் எதை அழுத்துகிறேன் என்று யாருக்கும் தெரியாது என்று பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் குடிமையியல் பாடத்தில் சொல்லிக்கொடுப்பவள் நான். அன்றைக்கு அதை நான் நம்பவில்லை. முதுகுக்குப் பின்னால் அவன் இருந்தான். அவனுடைய தலைவரின் சின்னத்தை அழுத்தினேன். பீப் என்ற சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

பக்கத்து வீட்டுக்காக அழுத்தினேனா, அவன் பார்வைக்குப் பயந்து அழுத்தினேனா? வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று யோசித்தேன். எனக்கே தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.

மனை விற்பவர்தான் ஜெயித்தார். தெருவில் பட்டாசு வெடித்தார்கள். பைக்கில் வந்தவன் வீடு வீடாக லட்டு கொண்டுவந்தான்.

"டீச்சர் ஓட்டு நம்மளுக்குத்தான்னு அண்ணனுக்குத் தெரியும்."

எப்படித் தெரியும்? பக்கத்து வீட்டு வாசலுக்குப் போய், அவள் ஓட்டும் அவர்களுக்குத்தான் என்று அவளிடமும் அதே மாதிரி சொன்னான். அவன் திரும்பியதும் அவள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று மெதுவாகச் சொன்னாள்: "நான் ரெண்டு பேருக்குமே போடல அக்கா." நான் யாருக்குப் போட்டேன் என்று அவள் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பைக்கில் வந்தவன் சொன்னதையும்.

"என்னைச் சொல்லி மிரட்டினவனுக்கா போட்ட?"

"பக்கத்து வீட்டுக்காகடி."

"அவங்க போடச் சொன்னாங்களா?"

"வேணாம்னாங்க."

அவள் எழுந்தாள். லட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டுபோய்த் தெருக்கோடியில் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள். யாராவது பார்த்திருப்பார்களோ என்று நான் ஜன்னல் திரையை விலக்கித் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.