பாப்பா எழும்பும் நேரம்

கதிரவன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடக்கிறார். விடியற்காலை மணி நாலே கால். காலில் செருப்பு இல்லை. செருப்புச் சத்தத்தில் இருக்கிற பாதித் தூக்கமும் கலைந்துவிடும் என்று பயம். மகளிடம் கலைவதற்குத் தூக்கமே இல்லை. கண்ணை அகல விரித்து, "நைனா, நாயி" என்று காட்டுகிறாள்.

"ஆங், நாயிதாம்மா. அதுவே தூங்கினு கீது பாரு."

குழந்தையின் பெயர் தன்ஷிகா. இரண்டே முக்கால் வயது. கதிரவன் திருத்தணி ரயில் நிலையத்திலிருந்து மலைக்கோயிலுக்கு ஆட்டோ ஓட்டுகிறவர். மனைவி ஷாலினி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். கம்பெனி பஸ் ஐந்து மணிக்கு முக்கில் வந்து நின்றுவிடும். அதுவரையாவது அவர் கண்ணை மூடட்டும் என்றுதான் இந்த நடை. நான் அதே வீட்டின் மாடியில் குடியிருக்கிறேன். மூட்டு வலியால் தூக்கம் வராத விடியல்களில் ஜன்னல் வழியாக இவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கதிரவன் முப்பத்து மூன்று வயதுக்காரர், நாற்பது சொல்லலாம். கழுத்தில் எப்போதும் ஈரத்துண்டு. வண்டி ஓட்டும்போது கன்னத்தில் ஒரு கிராம்பை அடக்கிக்கொள்வார். கண் செருகும்போது அதைக் கடித்தால் மண்டை வரைக்கும் சுரீரென்று ஏறுமாம். கைக்குழந்தையோடு யார் ஏறினாலும், போகுமிடத்தைக் கேட்கும் முன், "உங்க பாப்பா எத்தினி மணிக்கு எழும்பும்?" என்று கேட்பார். ஆறு, ஏழு என்று பதில் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். பொறாமைதான். அவரே ஒப்புக்கொண்டார்.

இந்த வினையை இழுத்துவிட்டுக்கொண்டவரும் அவரே. ஜூன் வரை தன்ஷிகா அங்கன்வாடியில் மதியச் சோறு முடிந்ததும் மற்றப் பிள்ளைகளோடு பாயில் படுத்து இரண்டு மணி நேரம் தூங்குவாள். அதனால் இரவு பத்து மணி வரை வீட்டில் ஆட்டம். விடியலில் வேலைக்குப் போகிற ஷாலினி அதற்குள் துவண்டுவிடுவார். பகல் தூக்கத்தை வெட்டினால் இரவு சீக்கிரம் அடங்கிவிடுவாள் என்று கதிரவன் கணக்குப் போட்டார். ஆசிரியை அனுராதாவிடம் போய், "டீச்சர், இனிமே இவள பகல்ல தூங்கவுடாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். அனுராதாவுக்கு மனமில்லை. ஆனாலும் பெற்றவர் சொல்லும்போது என்ன செய்வது? பன்னிரண்டு பிள்ளைகள் வரிசையாகத் தூங்க, இவள் ஒருத்தி மட்டும் சுவரோரம் உட்கார்ந்து பிளாஸ்டிக் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

முதல் மூன்று நாள் எட்டு மணிக்கே விழுந்து தூங்கினாள். கதிரவன் ஸ்டாண்டில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். நாலாம் நாள் விடியலில் யாரோ அவர் கன்னத்தைத் தட்டினார்கள். "நைனா, எய்ந்திரு." மணி நாலு. அன்றிலிருந்து ஒரு நாள்கூடத் தப்பவில்லை. பத்து மணி வரை விழிக்க வைத்துப் பார்த்தார்கள். மூன்றே முக்காலுக்கு எழுந்தாள். ராத்திரி வாழைப்பழம் கொடுத்தார்கள். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். சாயங்காலம் ஆனால் குழந்தை காரணமில்லாமல் அழுதாள், சோற்றுத் தட்டிலேயே முகத்தைக் கவிழ்த்தாள். விடியலில் மட்டும் சரியாக எழுந்துவிடுவாள்.

ஆகஸ்டில் ஒரு காலை சித்தூரிலிருந்து வந்த குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போனார். அன்றைக்குக் கிராம்பும் உதவவில்லை. ஒரு வளைவில் கண் மூடியது, ஒரு நொடிதான். முன்சக்கரம் ஓரச்சுவரில் உரசி நின்றது. பின்னால் இருந்த அம்மாள் அவர் தோளை இறுகப் பற்றி, தூங்குகிறாயா என்று தெலுங்கில் மெதுவாகக் கேட்டார். அந்த அம்மாளின் மடியில் ஒரு கைக்குழந்தை இருந்தது. கதிரவன் அவர்களை வேறு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, அந்தச் சுவரின் மேலேயே வெயில் ஏறும் வரை உட்கார்ந்திருந்தார்.

"திட்டியிருந்தாகூட தேவலாம் சார்," என்றார் என்னிடம். "அந்தம்மா திட்டல. கொழந்தைய இன்னும் கெட்டியா புட்சிகினாங்க, அவ்ளோதான்."

அதன் பிறகு மலைக்கு வண்டி எடுப்பதில்லை. ரயில் நிலையம், பேருந்து நிலையம் என்று கீழேயே சுற்றினார்.

விஷயம் கேள்விப்பட்ட அனுராதா, மகளை அங்கன்வாடியில் விட வந்தவரை நிறுத்தினார். "அவளுக்கு பகல் தூக்கத்த திருப்பிக் குடுங்க. ரொம்ப அசந்துபோன கொழந்தைக்கு ராத்திரி தூக்கம் நிக்காது. ரெண்டு மணி நேரம் வாணாம், ஒரு மணி நேரம் போதும்."

"தூங்காததாலயா தூக்கம் வரல? இன்னா டீச்சர் இது."

"உங்களுக்கு மட்டும் நல்லா வருதா?"

அன்றைக்கே மகளைப் படுக்க வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் தன்ஷிகாவுக்குப் பாயே மறந்துபோயிருந்தது. படுக்க வைத்தால் எழுந்து டம்ளர்களிடம் போனாள். இரண்டாம் நாள் மதியம் கதிரவனே போய், பிள்ளைகளுக்கு நடுவில் அவளை அணைத்துக்கொண்டு படுத்தார். முதலில் தூங்கியவர் அவர்தான். அப்புறம் அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்தபடி அவள். ஒரு மணி நேரத்தில் அனுராதா குழந்தையை மட்டும் எழுப்பினார். மற்றப் பிள்ளைகளும் எழுந்து பாய்களைச் சுருட்டி, கடைசியாக வீட்டுக்கும் போனார்கள். நாலு மணிக்கு, "பூட்டணும், எழுந்திரிங்க" என்று சொல்லும் வரை கதிரவனை யாரும் எழுப்பவில்லை.

உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. ஒரு வாரம் அதே நாலு மணி. அப்புறம் நாலரை. ஒரு நாள் ஐந்து. மறுநாள் மறுபடி நாலு. அவர் நம்பிக்கையும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கியது. "டீச்சர் ஒரு மாசம் ஆவும்னாங்க சார், பாக்கலாம்" என்றார் உதட்டைப் பிதுக்கி.

சென்ற வியாழன் விடியலில் தெரு காலியாகக் கிடந்தது. நாலரைக்கும் வரவில்லை. ஐந்துக்கு ஷாலினி மட்டும் பஸ்ஸுக்கு நடந்தார். ஐந்தரை மணிக்கு மனம் கேட்காமல் கீழே இறங்கினேன். கதிரவன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார், கண்ணெல்லாம் சிவப்பு.

"நான் நாலுக்கே எழும்பிட்டேன் சார்," என்றார், காற்றைப் போன்ற குரலில். "எனக்கு பழகிப்போச்சு. அவ இன்னும் எழும்பல."

"நல்லதுதானே?"

"நல்லதுதான்."

சொல்லிவிட்டு எழுந்தார். சத்தமில்லாமல் உள்ளே போய், பாயருகே குனிந்து, மகளின் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தார்.