சாமிக்குப் பச்சப்பால், எனக்குக் காய்ச்சுன பால்

…அவ சொன்னா, இவ சொன்னான்னு ஏன் மழுப்புற? எனக்கு டிபின்னு சந்து முழுக்கப் பரப்புனது மேல்மாடிக்காரிதான். நீ மட்டும் என்னவாம்? உன் வீட்டுல எல்லாருக்கும் டம்ளர்ல டீ குடுத்துட்டு, எனக்கு மாத்திரம் காயிதக் கப்புல குடுத்தவதானே! ஒக்காரு, ஒக்காரு, கோவமில்ல. நான் இப்ப சந்தோசமா இருக்கேன்.

சாயங்காலமானா காய்ச்சல் வரும். வேர்த்து ஊத்தும். முதுகு பொளந்துக்கிட்டுப் போகும். ஸ்கேன் பாத்த டாக்டரம்மா, சின்ன வயசு இந்திக்காரப் புள்ளதான், முதுகெலும்புல டிபி மாதிரி இருக்குன்னு மாத்திரை குடுத்துச்சு. முழுங்குனேன். கேக்கல. காலு மரத்துப்போயி நடையே நின்னுருச்சு.

"கிருமியக் கண்ணால பாத்தியா பேட்டா?"ன்னேன்.

"இல்ல மாஜி, டெஸ்ட்ல எதுவும் தெரியல."

"பாக்காத கிருமிக்கு எப்படிப் பேரு வச்ச? மாப்பிள்ளையப் பாக்காம நான் பொண்ணு குடுக்க மாட்டேன்"னேன். மருமக "சும்மா இருங்க அத்தே"ன்னு கையக் கிள்ளுறா. அந்தப் புள்ள சிரிச்சிருச்சு.

அப்பறந்தான் முதுகுல ஊசி வச்சு சீழ் எடுத்து, ஜீன் படிக்கிற மெசினுக்கு அனுப்புனாங்க. ஒவ்வொரு கிருமிக்குள்ளயும் அதோட எழுத்து இருக்காம்ல. எவன் ஒளிஞ்சிருக்கான்னு தெரியாட்டியும், மெசின் அம்புட்டையும் படிச்சு ஆளக் காட்டிக் குடுத்துருமாம். பாரேன், கைநாட்டு நானு, என் முதுகுக்குள்ள அம்புட்டு எழுத்து!

டிபி இல்லன்னு வந்துச்சு. புருசெல்லான்னு வேற கிருமியாம். மாட்டுப் பால்ல வர்றதாம். "பச்சப்பால் குடிப்பீங்களா?"ன்னு டாக்டரம்மா கேக்க, மருமக என்னத் திரும்பிப் பாத்தா பாரு ஒரு பார்வை!

கிருத்திகைக்கு வீட்டுல வேலுக்குப் பாலபிஷேகம் பண்ணுவேன்ல? பாக்கெட் பால் சூடுபண்ணி வர்றது, சாமிக்கு ஆகாதுன்னு மாட்டுக்கார பையாகிட்ட கறந்த பாலாத்தான் வாங்குவேன். அபிஷேகம் முடிஞ்சதும் அப்படியே பிரசாதம்னு குடிச்சிருவேன். உனக்கும் நீட்டுனேன், எனக்கு டிபின்னு பயந்து வேணாம்னுட்ட. தப்பிச்சடி!

மருந்த மாத்துனாங்க, காய்ச்சல் ஓடிருச்சு. நேத்து ஐ.என்.ஏ. மார்க்கெட்டுல நானே நடந்து முருங்கக்கா வாங்குனேன். மேல்மாடிக்காரி வீட்டு வாசல்ல வேணும்னே ரெண்டு தடவ நடந்தேன்.

அபிஷேகத்த விட்ருங்கன்னா மருமக. விடுவேனா? சாமிக்குப் பச்சையா, எனக்கு நல்லாக் கொதிக்க வச்சு. என் சாமி, என் அடுப்பு! இன்னைக்குக் கிருத்திகை. நீ என் டம்ளர்ல ஒரு வாய் குடிச்சிட்டுத்தான் எந்திரிக்கணும், அதுவும் கதவத் தெறந்து வச்சு, மேல்மாடிக்காரி பாக்க… அய்யய்யோ, பால் பொங்கிருச்சு! அந்தக் கரித்துணிய எடு, ஜல்தி!