நிற்கத் தெரியாத செல்

மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது குளிக்கும்போது. பட்டாணி அளவுதான். வலி இல்லாததால் கெட்ட கட்டியாக இருக்காது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

பயாப்சி (சதைத் துணுக்கை எடுத்துப் பார்க்கும் சோதனை) வேறு மாதிரி சொன்னது. மார்பகப் புற்று. அக்குளில் உள்ள நிணநீர்க் கணுவுக்கும் (கிருமிகளை வடிகட்டும் சிறு முடிச்சு) போயிருந்தது.

"அங்க எப்படிப் போச்சு டாக்டர்?" என்று கேட்டேன்.

"புதுசா கத்துக்கிட்ட வித்தை இல்லம்மா. நீங்க கருவுல இருந்தப்போ செல்லுங்க பக்கத்துச் செல்லோட பிடியை விட்டுட்டு, நகர்ந்துபோய் வேற இடத்துல உக்காந்துதான் உடம்பு உருவாச்சு. வேலை முடிஞ்சதும் உடம்பு அந்த வழியை மூடிடும். புற்று அதைத் திறந்துக்குது."

வெளியிலிருந்து வந்த எதிரி என்றால் திட்டித் தீர்க்கலாம். இது என்னையே உண்டாக்கிய வழி. தாழ்வாரத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அங்கே காத்திருந்த மற்றவர்களுக்கெல்லாம் பையைப் பிடித்துக்கொள்ளவாவது ஓர் ஆள் இருந்தது.

திருநின்றவூரில் வாடகை வீட்டில் தனியாக இருக்கிறேன். ஊரில் இருக்கும் அண்ணனிடம் சொல்லவில்லை. அவர் அழுதால் நான்தான் தேற்ற வேண்டியிருக்கும். கீமோவில் (புற்றை அழிக்க ரத்தக் குழாய் வழியாக ஏற்றும் மருந்து) முடி போயிற்று. ஒருநாள் மாடியில் துணி காயப்போடும்போது, வெக்கை தாங்காமல் தலைத்துணியை அவிழ்த்தேன். வீட்டுக்காரர் சரோஜா அக்கா பார்த்துவிட்டார்.

"இன்னா, திருப்பதி போய்க்கினு வந்தியா? லட்டு எங்க?"

"தீர்ந்துபோச்சுக்கா."

"யாருக்கோசரம் வேண்டிக்கின?"

"எனக்குத்தான்."

"உனக்கோசரம் வேண்டிக்க வேற ஆளே இல்லியா?"

வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். படியிலேயே அழுகை வந்துவிட்டது.

அறுவை சிகிச்சைப் புண் ஆறியபோது டாக்டர் சொன்னார்: "காயத்து ஓரத்துச் செல்லும் இதே மாதிரி நகர்ந்து வந்துதான் மூடுது. ஆனா மூடினதும் நின்னுடும்."

தழும்பைத் தொட்டால் இப்போது கொஞ்சம் பயம், கொஞ்சம் நன்றி. இவை நின்ற செல்கள். நிற்கத் தெரியாத ஒன்று எங்காவது மிச்சம் இருக்கிறதா என்றுதான் ஒவ்வொரு முறையும் பார்க்கிறார்கள். எனக்கு வருடம் என்று ஒன்று இப்போது இல்லை. ஒரு பரிசோதனையிலிருந்து அடுத்த பரிசோதனை வரைதான் காலம்.

முடி சீப்புக்கு அகப்படும் அளவு வளர்ந்த பிறகு, அதே மாடியில் அக்கா கேட்டார்.

"வேண்டுதல் பலிச்சிதா?"

"தெரியலக்கா. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போய்த்தான் கேட்டுட்டு வரணும்."

"அடுத்த தபா போறப்ப சொல்லு. நானும் வரேன்."

"அது கோயில் இல்லக்கா. ஆஸ்பத்திரி."

அந்த வீட்டில் அந்தச் சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் முறை. அக்கா ஈரப் புடவையை உதறிக் கொடியில் போட்டார்.

"அதுக்குத்தான் சொல்றேன்" என்றார்.